வணிக ஏசிக்கு வயரிங்: யூனிட்டுக்கு ஒரு லைனா, மாடியில் தனி போர்டா?

மொட்டை மாடியில் நான்கு அவுட்டோர் யூனிட்டுகள். மெயின் போர்டு தரைத்தளத்தில். கேபிள் போகும் பாதையை அளந்தால் 60 மீட்டர். வணிகக் கட்டடங்களில் அடிக்கடி எதிர்ப்படும் நிலைமை இது. இதற்கு இரண்டு வழி உண்டு. மெயின் போர்டிலிருந்து ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனித்தனிக் கேபிள் இழுக்கலாம். அல்லது ஒரே ஒரு பெரிய கேபிளை மாடிக்கு ஏற்றி, யூனிட்டுகளுக்குப் பக்கத்தில் ஏசிக்கென்று ஒரு போர்டு வைத்து, அங்கிருந்து பிரிக்கலாம். எதைத் தேர்ந்தாலும் கேபிளின் தடிமன், பிரேக்கர் வகை, எர்த் பாதுகாப்பு, நாளை இன்னொரு யூனிட் சேர்க்கும் வசதி எல்லாம் அதையொட்டியே மாறும். அதனால் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இங்கே வரும் கணக்குகள் 230/400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அமைப்புக்கானவை. கேபிள் தாங்கும் ஆம்பியர் அளவுகள் ஐஇசி 60364 அட்டவணைகளை ஒட்டியவை. உங்கள் இடத்து மின் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அந்த விதியைத்தான் பின்பற்ற வேண்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் கையால் நடக்க வேண்டிய வேலை இது. அவரிடம் எதைக் கேட்பது, எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று கட்டட உரிமையாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் நேம் பிளேட்

"பத்து டன் யூனிட், இவ்வளவு ஸ்கொயர் கேபிள் போதும்" என்று டன் கணக்கில் கேபிள் சொல்பவரை நம்ப வேண்டாம். (ஸ்கொயர் என்பது கேபிளுக்குள் இருக்கும் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்.) ஒரு டன் என்பது 3.517 கிலோவாட் குளிரூட்டும் திறன். அது யூனிட் இழுக்கும் மின்சாரத்தின் அளவு இல்லை. ஒரே டன்னில் இரண்டு மாடல்கள் இழுக்கும் கரன்ட் கணிசமாக வேறுபடும். யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டையோ, நிறுவல் கையேட்டின் மின் அட்டவணையையோ பாருங்கள். பல நிறுவனங்கள் அங்கே இரண்டு எண்கள் தருகின்றன. எம்சிஏ என்பது கேபிள் குறைந்தபட்சம் தாங்க வேண்டிய ஆம்பியர். எம்எஃப்ஏ என்பது அதற்கு மேல் போகக்கூடாத பிரேக்கர் அளவு. பெரிய மோட்டாரின் கரன்ட்டுக்கு மேல் 25 சதவீதம் கூடுதலாக வைத்து, ஃபேன் போன்ற மற்றச் சுமைகளையும் கூட்டியதே பெரும்பாலும் எம்சிஏ. ஆகவே அதன் மீது மறுபடியும் 25 சதவீதம் ஏற்றத் தேவையில்லை.

நம் உதாரணத்தில் நான்கு யூனிட்டும் த்ரீ ஃபேஸ். ஒவ்வொன்றுக்கும் எம்சிஏ 24 ஆம்பியர், எம்எஃப்ஏ 32 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பிரேக்கர் 32. கேபிள் எந்த வெப்பத்தில், எத்தனை கேபிளோடு சேர்ந்து ஓடினாலும் 32 ஆம்பியரைத் தாங்கியாக வேண்டும்.

மூன்று முதல் ஐந்து டன் வரை உள்ள யூனிட்டுகள் சிங்கிள் ஃபேஸிலும் த்ரீ ஃபேஸிலும் கிடைக்கும். கட்டடத்தில் த்ரீ ஃபேஸ் இருந்தால் யோசிக்காமல் த்ரீ ஃபேஸ் மாடலையே எடுங்கள். 5.5 கிலோவாட் இழுக்கும் யூனிட் சிங்கிள் ஃபேஸில் சுமார் 25 ஆம்பியர் கேட்கும். த்ரீ ஃபேஸில் ஒரு ஃபேஸுக்கு எட்டரை ஆம்பியர்தான். 30 மீட்டர் தூரத்தில் முதலாவதற்கு 6 ஸ்கொயர் போட்டும் ஐந்தரை வோல்ட் விழும், அதாவது 2.4 சதவீதம். இரண்டாவதற்கு 2.5 ஸ்கொயர் போட்டாலே ஒரு சதவீதத்தில் நின்றுவிடும். சிங்கிள் ஃபேஸ் யூனிட்டுகளைத் தவிர்க்கவே முடியாது என்றால் மூன்று ஃபேஸிலும் சமமாகப் பிரித்துக் கொடுங்கள். நியூட்ரலை மெலிதாகப் போட வேண்டாம். இன்வெர்ட்டர் யூனிட்டுகள் கிளப்பும் மூன்றாம் ஹார்மோனிக் (அடிப்படை அதிர்வெண்ணின் மூன்று மடங்கு) கரன்ட் மூன்று ஃபேஸிலிருந்தும் வந்து நியூட்ரலில் ஒன்றோடொன்று கூடும். அது தானாகக் கழிந்துபோகாது.

தனித்தனி லைன்: பைப்பில் ஒரு கதை, ட்ரேயில் இன்னொரு கதை

நான்கு லைனையும் ஒரே பைப்பில் இறக்குவதுதான் பலர் கைக்கு முதலில் வரும் யோசனை. அதற்குக் கொடுக்க வேண்டிய விலையைப் பாருங்கள். பைப்புக்குள் பிவிசி ஒயர், சுற்றுவெப்பம் 40 டிகிரி. 30 டிகிரிக்கு எழுதப்பட்ட அட்டவணை அளவை 0.87-ஆல் பெருக்க வேண்டும். நான்கு சர்க்யூட் ஒன்றாக நெருக்கியடித்துப் போவதால் இன்னொரு 0.65. இரண்டும் சேர்ந்தால் 0.57-க்கும் குறைவு. 32 ஆம்பியர் தாங்க வேண்டுமானால் அட்டவணையில் 57 ஆம்பியர் உள்ள ஒயர் தேவை. பைப்பில் 10 ஸ்கொயருக்கு அட்டவணை 50 ஆம்பியர்தான் தருகிறது. எனவே 16 ஸ்கொயருக்குத் தாவ வேண்டும். ஃபேஸ் மூன்று, நியூட்ரல், எர்த் என ஐந்து ஒயர், நான்கு லைன், 60 மீட்டர்: செம்பு மட்டும் சுமார் 170 கிலோ.

அதே நான்கு லைனை எக்ஸ்எல்பிஇ (பிவிசியைவிட அதிக வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்) இன்சுலேஷன் உள்ள கேபிளாக, துளையிட்ட ட்ரேயில் ஒரே வரிசையில் படுக்க வைத்துப் பாருங்கள். 6 ஸ்கொயருக்கு அட்டவணை 54 ஆம்பியர். 40 டிகிரிக்கு 0.91, நான்கு கேபிள் அருகருகே கிடப்பதற்கு 0.77. விடை 37.8 ஆம்பியர். 32-க்குத் தாராளம். 50 டிகிரி அடிக்கும் மாடியில்கூட 34 ஆம்பியர் வரும். இதன் செம்பு எடை சுமார் 65 கிலோ. யூனிட்டும் மாறவில்லை, பிரேக்கரும் மாறவில்லை. ஓடும் பாதையையும் இன்சுலேஷனையும் மாற்றியதிலேயே செம்பு மூன்றில் ஒரு பங்குக்கு அருகே இறங்கிவிட்டது. 4 ஸ்கொயருக்கு இறங்கலாமா என்றால், 40 டிகிரியில் அது 29 ஆம்பியரோடு நின்றுவிடுகிறது. கூடாது.

பழைய கட்டடங்களில் கேபிள் சூடாகி இன்சுலேஷன் கருகுவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த நெருக்கடிதான். முதலில் ஒரு யூனிட்டுக்குச் சரியாகக் கணக்கிட்டுப் பைப் போட்டிருப்பார்கள். அடுத்த வருடம் அதே பைப்பில் இரண்டாவது லைன் நுழையும், பிறகு மூன்றாவது. ஒயர் அளவு அப்படியே இருக்கும், அது தாங்கும் திறன் முப்பது சதவீதம் போயிருக்கும்.

60 மீட்டரில் 6 ஸ்கொயர் கேபிள் 24 ஆம்பியர் சுமக்கும்போது ஏறத்தாழ 9 வோல்ட் விழும், 2.3 சதவீதம். ஓடும்போது இது தாங்கக்கூடிய அளவுதான். தனி லைனின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கேபிளில் கோளாறு வந்தால் ஒரு யூனிட் மட்டும் நிற்கும், மற்ற மூன்றும் ஓடும். நடுவில் இணைப்பும் குறைவு, அதனால் தளரும் இடமும் குறைவு. வேறு வேறு வாடகைதாரர்கள், வேறு வேறு மீட்டர் என்றால் இந்த வழியைத் தவிர வேறு வழியே இல்லை.

ஒரே ஃபீடர், மாடியில் ஏசி போர்டு

ஃபீடர் என்பது மெயின் போர்டிலிருந்து மாடிப் போர்டுக்கு ஏறும் பெரிய கேபிள். நான்கு யூனிட்டுக்கு 96 ஆம்பியர். "எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது" என்று சொல்லிக் குறைக்க வேண்டாம். கடும் வெயில் நாளில் எல்லாம் ஒரே நேரத்தில்தான் ஓடும். ஐந்தாவது யூனிட்டுக்கும் இடம் விட்டால் 120 ஆம்பியர். ஆகவே மெயின் போர்டில் 125 ஆம்பியர் எம்சிசிபி (பெரிய கரன்ட்டுக்கான பிரேக்கர்), அங்கிருந்து 35 ஸ்கொயர் செம்பு, நான்கு கோர் எக்ஸ்எல்பிஇ ஆர்மர்டு கேபிள், கூடவே 16 ஸ்கொயர் எர்த். ட்ரேயில் இந்தக் கேபிளுக்கு அட்டவணை 158 ஆம்பியர். 50 டிகிரியில் 0.82-ஆல் பெருக்கினாலும் 129. மாடிப் போர்டிலிருந்து ஒவ்வொரு யூனிட்டுக்கும் 6 மீட்டர், 6 ஸ்கொயர்.

வோல்டேஜ் இறக்கம்: ஃபீடரில் 6.3 வோல்ட், சிறு லைனில் ஒரு வோல்ட்டுக்குள். மொத்தம் 1.8 சதவீதம். தனி லைனைவிடக் குறைவு. செம்பு எடை சுமார் 90 கிலோ. பைப் வழியைவிடப் பாதி, ட்ரே வழியைவிடக் கொஞ்சம் அதிகம். ஆக, ட்ரே ஏற்கெனவே இருந்து யூனிட் எண்ணிக்கை மாறாது என்றால் "போர்டு வைத்தால் கேபிள் மிச்சம்" என்ற வாதம் நிற்காது. போர்டு வழி வெல்வது வேறு மூன்று விஷயங்களில். புது யூனிட்டுக்கு இன்னொரு 60 மீட்டர் இழுக்க வேண்டாம், ஒரு பிரேக்கரும் 6 மீட்டர் கேபிளும் போதும். மெயின் போர்டில் நான்கு வழி அடைபடாமல் ஒன்றோடு முடியும். மூன்றாவது, எர்த் ஃபால்ட் வந்தால் பிரேக்கர் உடனே விழுமா என்ற கேள்வி. அதைக் கீழே தனியாகப் பார்க்கிறேன், ஏனென்றால் முடிவைப் புரட்டிப் போடக்கூடியது அதுதான்.

போர்டு வழியின் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. ஃபீடர் போனால் நான்கும் போகும். சர்வர் அறை, மருந்துக் கிடங்கு போன்ற, நிற்கவே கூடாத இடத்தின் யூனிட்டை இதில் கோர்க்காமல் மெயின் போர்டிலிருந்து அதற்கு மட்டும் தனி லைன் கொடுங்கள். மேலும், வெயிலில் நிற்கும் தகரப் பெட்டிக்குள் வெப்பம் மிக அதிகம். சாதாரண எம்சிபிகள் (சிறிய பிரேக்கர்கள்) 30 டிகிரி வெப்பத்தை அடிப்படையாக வைத்து அளவிடப்பட்டவை. பெட்டிக்குள் 55, 60 டிகிரி போனால் 32 ஆம்பியர் பிரேக்கர் அதற்குக் குறைந்த கரன்ட்டிலேயே விழ ஆரம்பிக்கும். "மதியம் மட்டும் டிரிப் ஆகிறது, சாயங்காலம் போட்டால் நிற்கிறது" என்ற புகாரின் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கும். பெட்டியைப் படிக்கட்டு அறைக்குள் வையுங்கள். முடியாவிட்டால் வடக்குப் பக்கச் சுவரில், மேலே நிழல்தகடோடு வையுங்கள். அவுட்டோர் யூனிட் வெளியே தள்ளும் அனல் காற்று நேராக அடிக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். ஐபி65 (தூசியும் பீய்ச்சும் நீரும் புகாத) பெட்டி, கேபிள் நுழைவு அடிப்பக்கத்திலிருந்து கிளாண்ட் வழியாக, பிரேக்கர்களுக்கு நடுவே சற்று இடைவெளி. மேல்பக்கம் துளை போட்டால் எவ்வளவு சிலிகான் பூசினாலும் ஒருநாள் தண்ணீர் இறங்கும்.

என் கணிப்பு இது. யூனிட் ஒன்று அல்லது இரண்டு, தூரம் 30 மீட்டருக்குள் என்றால் தனி லைன். மூன்றோ அதற்கு மேலோ, அல்லது தூரம் அதிகம், அல்லது பின்னால் சேர்க்கும் எண்ணம் உண்டு என்றால் மாடிப் போர்டு. தனி மீட்டர் தேவைப்பட்டால் மற்றக் காரணங்களைப் பார்க்காமல் தனி லைன். நான்கு லைனையும் ஒரே பைப்பில் திணிப்பது எந்த நிலையிலும் சரியான விடை இல்லை.

ஃபீடருக்குச் செம்பா, அலுமினியமா

தனி லைன் வழியில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 16 ஸ்கொயருக்குக் கீழே அலுமினியம் வேண்டாம். யூனிட்டின் டெர்மினல் பிளாக்கில் அலுமினியத்தை நேராக மாட்டவும் கூடாது. அந்த டெர்மினல்கள் செம்புக்கென்று செய்யப்பட்டவை. யூனிட்டின் அதிர்வில் மெதுவாக நசுங்கித் தளரும் குணம் அலுமினியத்துக்கு உண்டு.

ஆனால் போர்டுக்கு ஏறும் ஃபீடரில் அலுமினியம் நேர்மையான போட்டியாளர். 35 ஸ்கொயர் செம்புக்குப் பதில், 50 டிகிரிக் கணக்கில் 70 ஸ்கொயர் அலுமினியம் வேண்டும். 50 ஸ்கொயரின் 146 ஆம்பியரை 0.82-ஆல் பெருக்கினால் 120-க்குச் சற்றுக் குறைவு, 125-ஐத் தொடாது. 70 ஸ்கொயருக்கு 153 கிடைக்கும். எடை 45 கிலோ, செம்பானால் 75. வோல்டேஜ் இறக்கம்கூடச் செம்பைவிடக் கொஞ்சம் குறைவு. இழுக்கும் ஆட்களுக்கு எடை குறைவது வசதி; ஆனால் கேபிள் தடிமனாக இருப்பதால் வளைவுகளில் இடம் கேட்கும். ஆர்மர்டு கேபிளை அதன் விட்டத்தின் 12 மடங்குக்குக் குறைவான ஆரத்தில் வளைக்கக் கூடாது என்ற பொதுவான வழக்கத்தை ட்ரே திரும்பும் மூலையில் வைத்துப் பாருங்கள். 125 ஆம்பியர் எம்சிசிபியின் வாயில் 70 ஸ்கொயர் லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோக இணைப்பு) உட்காருமா என்பதையும் கேபிள் வாங்கும் முன் பார்த்துவிடுங்கள். உட்காராத லக்கின் ஓரத்தைத் தேய்த்து நுழைப்பதும், இழைகளில் சிலவற்றை வெட்டி எறிவதும் நடக்கிறது. இரண்டுமே அந்த முனையைச் சூடாக்கும்.

அலுமினியம் கெடுவதெல்லாம் முனையில்தான். தோலுரித்த நிமிடமே மேலே ஆக்சைடு படலம் பிடிக்கும், அது மின்சாரம் கடத்தாது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உடனே ஜாயின்டிங் காம்பவுண்ட் பூசி, செம்பு-அலுமினியம் பைமெட்டல் லக் போட்டு, சரியான டையில் ஹைட்ராலிக் கிரிம்ப் செய்ய வேண்டும். சுத்தியலால் தட்டிய லக்கை ஏற்காதீர்கள். சில வாரம் ஓடிய பிறகு முழுச் சுமையில் தெர்மல் கேமராவால் முனைகளைப் பார்த்து, மின்சாரத்தை நிறுத்தி இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். இதைச் செய்து தர ஆள் உறுதியாக இருந்தால் அலுமினியம் சரி. கடற்கரைக் காற்று அடிக்கும் மாடி என்றாலோ, பராமரிப்பு நிச்சயமில்லை என்றாலோ செம்பு.

சி கர்வா, டி கர்வா

ஒரே வேகத்தில் ஓடும் கம்ப்ரஸர் நேராக ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் கரன்ட்டைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். 20 ஆம்பியரில் ஓடுவது ஒரு கணம் 120 கேட்கும். முதல் அரைச் சுற்றின் உச்சம் அதற்கும் மேல் போகும். சி கர்வ் பிரேக்கர் அதன் அளவைப்போல 5 முதல் 10 மடங்குக்குள் உடனே விழும். சி32 என்றால் 160 முதல் 320 ஆம்பியர் வரை எங்கும் விழலாம். அதனால் சில யூனிட்டில் ஸ்டார்ட் ஆகும்போதே டிரிப் ஆகும். உடனே டி கர்வ் மாற்றிவிடுவார்கள். டி கர்வ் 10 முதல் 20 மடங்கு, அதாவது 640 ஆம்பியர் வந்தால்தான் உடனே விழும் என்று உறுதி சொல்ல முடியும்.

இங்கேதான் 60 மீட்டர் தூரம் விளையாடுகிறது. ஃபேஸ் ஒயர் யூனிட்டின் தகர உடலைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கரன்ட் ஃபேஸ் வழியே போய் எர்த் வழியே திரும்ப வேண்டும். 6 ஸ்கொயர் ஃபேஸ், 6 ஸ்கொயர் எர்த், 60 மீட்டர். சூடான நிலையில் இந்தப் பாதையின் தடை 0.44 ஓம். மெயின் போர்டுக்கு முன்னால் 0.1 ஓம் என்றால் மொத்தம் 0.54. 230-ஐ வகுத்தால் 425 ஆம்பியர். சி32-க்குத் தேவையான 320 கிடைத்துவிட்டது, உடனே விழும். டி32-க்குத் தேவையான 640 கிடைக்கவில்லை. சில விநாடிகள் இழுத்துக்கொண்டு நிற்கலாம். அதுவரை யூனிட்டின் உடலில் ஏறத்தாழ 90 வோல்ட் நிற்கும். அந்த நேரத்தில் மாடியில் சர்வீஸ் செய்பவர் கை அதன் மேல் இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

மாடிப் போர்டு வழியில் இதே கணக்கு: 35 ஸ்கொயர் ஃபேஸ், 16 ஸ்கொயர் எர்த், பிறகு 6 மீட்டர் சிறு லைன். கேபிள் தடை 0.165 ஓம்தான். முன்னால் உள்ள 0.1-ஐச் சேர்த்தாலும் 860 ஆம்பியருக்கு மேல் ஓடும். டி32-ம் உடனே விழும். தூரத்தில் உள்ள ஒரே வேக யூனிட்டுகளுக்கு நான் மாடிப் போர்டைச் சொல்வதற்கு முதல் காரணம் இது. தனி லைன்தான் என்று முடிவாகிவிட்டால், டி கர்வ் போடும் முன் எர்த் லூப் டெஸ்டரால் யூனிட்டின் முனையில் அளந்து பாருங்கள். டி32-க்கு 0.36 ஓம், சி32-க்கு 0.72 ஓம் மேல் எல்லை. குளிர்ந்த நிலையில் அளப்பதால் அதற்கும் சற்றுக் கீழே வர வேண்டும். வராவிட்டால் தடித்த கேபிள், இல்லையேல் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரன்ட் கசிந்தால் லைனை வெட்டும் கருவி). எர்த் ராடை மட்டும் நம்பும் டிடி அமைப்பில் பிரேக்கரை நினைத்தே பார்க்க வேண்டாம், ஆர்சிசிபி இருந்தே ஆக வேண்டும்.

இன்வெர்ட்டர் யூனிட்டுகளுக்கு இந்தத் தலைவலி இல்லை. கம்ப்ரஸர் மெதுவாக வேகம் பிடிக்கும், சி கர்வ் போதும். ஜெனரேட்டரோடு ஓட வேண்டிய கட்டடத்தில் இன்வெர்ட்டரை எடுக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். ஒரே வேக யூனிட்டுகள் என்றால், மின்சாரம் திரும்பியதும் நான்கும் ஒரே நொடியில் கிளம்பாதபடி நேர இடைவெளி வைத்து விடுங்கள்.

ஆர்சிசிபி: பொதுவாக ஒன்றா, யூனிட்டுக்கு ஒன்றா

யூனிட்டுக்கு ஒன்று. இதில் தயக்கமே வேண்டாம். இன்வெர்ட்டர் யூனிட்டின் உள்ளே இருக்கும் ஃபில்டர் மின்தேக்கிகள் எப்போதும் கொஞ்சம் கரன்ட்டை எர்த்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆர்சிசிபியின் அளவில் 30 சதவீதத்துக்குள் இந்தக் கசிவு நிற்க வேண்டும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி என்றால் 9 மில்லிஆம்பியருக்குள். நான்கு யூனிட்டின் கசிவையும் ஒரே 30 மில்லிஆம்பியரில் கோர்த்தால் கோளாறே இல்லாமல் மாதத்துக்கு நாலு முறை விழும். கடைசியில் யாராவது அதைக் கழற்றிவிட்டு நேரே இணைத்துவிடுவார்கள். அதைவிட ஆபத்தான முடிவு வேறில்லை. நிலையாகப் பொருத்திய யூனிட்டுக்கு, உள்ளூர் விதி அனுமதித்தால், 100 மில்லிஆம்பியர். ஃபீடருக்கு முன்னால் 300 மில்லிஆம்பியர், தாமதமாக விழும் எஸ் வகை.

ஆர்சிசிபியின் ஏசி, ஏ, பி என்ற வகை எழுத்தையும் பாருங்கள் (இங்கே ஏசி என்பது மாறுமின், குளிரூட்டி இல்லை). விலை மலிவான ஏசி வகை, இன்வெர்ட்டரிலிருந்து நேர்மின் கசிவு வந்தால் மரத்துப்போகும். உண்மையான ஃபால்ட் வரும்போது விழாமலே இருந்துவிடும். ஏ வகை 6 மில்லிஆம்பியர் வரையிலான சீரான நேர்மின் கசிவைத்தான் பொறுக்கும். த்ரீ ஃபேஸ் இன்வெர்ட்டருக்குக் கையேடு பி வகை கேட்டால் பி வகையே போடுங்கள்.

இண்டோர் யூனிட்டின் மின்சாரம், சிக்னல் ஒயர்

விஆர்எஃப் (ஓர் அவுட்டோரோடு பல இண்டோர்கள் இணையும்) அமைப்பில் இண்டோர் யூனிட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் லைட் சர்க்யூட்டிலிருந்து தட்டிக் கொடுப்பது சுலபம்தான். ஆனால் செய்யாதீர்கள். ஒரு அவுட்டோரைச் சேர்ந்த எல்லா இண்டோருக்கும் ஒரே பிரேக்கரில் தனி சர்க்யூட் கொடுங்கள். ஓர் அறையில் லைட் பிரேக்கரை அணைத்ததும் அங்கே இருக்கும் இண்டோர் உயிரிழந்தால், அவுட்டோர் அதைத் தொடர்புக் கோளாறாக எடுத்துக்கொண்டு முழு அமைப்பையும் நிறுத்திவிடலாம். அதோடு, அந்த நேரம் திறந்திருந்த எக்ஸ்பான்ஷன் வால்வு மூடாமல் அப்படியே நின்றுவிடும். திரவமாகவே ரெஃப்ரிஜரன்ட் கம்ப்ரஸருக்குத் திரும்ப வழி கிடைக்கும். ஒவ்வோர் இண்டோருக்கும் சர்வீஸ் ஸ்விட்ச் வைக்கலாம், பழுது பார்க்கும்போது மட்டும் அணைக்க.

சிக்னல் ஒயருக்கு 0.75 முதல் 1.25 ஸ்கொயர் வரை, முறுக்கிய இரட்டை ஒயர், கையேடு கேட்டால் ஷீல்டு உள்ளது. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று தொடராகப் போக வேண்டும்; நட்சத்திரம் போல நடுவிலிருந்து பிரிக்கக் கூடாது. பவர் கேபிளோடு ஒரே பைப்பில் கலக்காமல் 300 மில்லிமீட்டர் தள்ளி ஓட்டுங்கள். ஷீல்டை எந்த முனையில் எர்த் செய்வது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம் உண்டு. கையேடு சொல்வதை மட்டும் செய்யுங்கள். பவர் ஒயரைத் தவறி சிக்னல் டெர்மினலில் மாட்டினால் யூனிட்டின் எலக்ட்ரானிக் போர்டு அந்த நொடியே எரியும், உத்தரவாதமும் கிடைக்காது. வேறு நிறக் கேபிளைப் பயன்படுத்தி, முனையில் எண் ஒட்டி, பவர் போடும் முன் மீட்டரால் ஒருமுறை பாருங்கள். சாதாரண ஸ்ப்ளிட்டில் அவுட்டோர்-இண்டோர் நடுவே போகும் கேபிளில் நடுவில் ஜாயின்ட் போடக் கூடாது.

யூனிட்டின் முனையில்

ஒவ்வோர் அவுட்டோருக்கும் கண்ணுக்கு எட்டிய தூரத்தில், பூட்டுப் போடக்கூடிய, நான்கு துருவ ஐபி65 ஐசொலேட்டர் வையுங்கள். மாடிப் போர்டு பக்கத்திலேயே இருந்தாலும் இதைத் தவிர்க்க வேண்டாம். ஃபேன் பிளேடில் கை வைத்திருப்பவருக்குத் தன் சாவி தன் பையில் இருக்க வேண்டும். ஐசொலேட்டரிலிருந்து யூனிட்டுக்குக் கடைசி ஒரு மீட்டர் வளையும் கண்டியூட்டில் போகட்டும். பல இழை ஒயருக்கு ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோகக் குழாய்) போடாமல் திருகில் நசுக்கினால் சில இழை வெளியே பிதுங்கும், மீதி இழைகள் சுமையைத் தாங்கிச் சூடாகும். எரிந்த டெர்மினல் பிளாக்குகளில் பெரும்பாலும் ஒரு துருவம் மட்டும் கருகியிருக்கும். தளர்ந்த திருகு அது.

த்ரீ ஃபேஸ் யூனிட்டுக்கு ஃபேஸ் வரிசை, ஃபேஸ் இழப்பு, சமமின்மை மூன்றையும் பார்க்கும் ரிலே உள்ளே இல்லை என்றால் வெளியே போடுங்கள். ஸ்க்ரோல் கம்ப்ரஸர் தலைகீழாகச் சுற்றினால் சத்தம் போடும், பிரஷர் ஏறாது, கரன்ட் குறைவாகக் காட்டும். அப்படியே விட்டால் கெட்டுப்போகும். மெயினில் இரண்டு ஃபேஸை மாற்றினால் சரியாகும். சமமின்மையை அளப்பதும் எளிது. மூன்று ஃபேஸுக்கு நடுவே 402, 396, 390 வோல்ட் என்றால் சராசரி 396, அதிக விலகல் 6, சமமின்மை 1.5 சதவீதம். மோட்டாரின் வெப்பம் கூடும் சதவீதம் இந்த எண்ணின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கியதற்கு நெருக்கமாக இருக்கும்: 1.5 சதவீதத்துக்கு நாலரை, 3 சதவீதத்துக்குப் பதினெட்டு. 2 சதவீதம் தாண்டினால் யூனிட்டை ஓட்டாமல் காரணம் தேடுங்கள்.

பவர் போடும் முன்

யூனிட்டைக் கழற்றிவிட்டு, கேபிளை மட்டும் 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) பாருங்கள். ஒரு மெகாஓமுக்கு மேல் என்பது குறைந்தபட்சம். புதுக் கேபிள் அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும். யூனிட்டின் எலக்ட்ரானிக் போர்டு இணைந்திருக்கும்போது மெக்கர் போடாதீர்கள். ரெஃப்ரிஜரன்ட் குழாய் வேக்குவத்தில் இருக்கும்போது கம்ப்ரஸர் டெர்மினலில் மெக்கரோ மின்சாரமோ எதுவும் கூடாது. காற்றில்லாத உள்ளறையில் டெர்மினல்களுக்கு இடையே மின்பொறி பாய்ந்து வைண்டிங் போய்விடும். எர்த் தொடர்ச்சி, லூப் தடை, ஃபேஸ் வரிசை, ஆர்சிசிபி விழும் நேரம் ஆகிய நான்கையும் யூனிட் வாரியாக எழுதி மாடிப் போர்டின் கதவுக்குள் ஒட்டுங்கள். அடுத்து வருபவருக்கு ஒப்பிட அதுதான் உதவும்.

கிராங்க்கேஸ் ஹீட்டர் உள்ள யூனிட்டுக்கு முதல் ஸ்டார்ட்டுக்கு முன், கையேடு சொல்லும் நேரம் வரை பவர் கொடுத்து வைத்திருக்க வேண்டும். பல மாடல்களில் அது 12 மணி நேரம். ஹீட்டர் ஆயிலைச் சூடாக்கி அதில் கரைந்த ரெஃப்ரிஜரன்ட்டை வெளியேற்றும். அது இல்லாமல் ஸ்டார்ட் செய்தால் ஆயில் நுரைத்து பேரிங்கைக் காயவிடும். இதே காரணத்தால் ஏசி போர்டின் மெயினில் டைமர் காண்டாக்டர் போட்டு இரவில் எல்லாவற்றையும் வெட்டிவிடும் ஏற்பாடு வேண்டாம். நேரம் வைத்து அணைக்க விரும்பினால் கன்ட்ரோலர் வழியாகவோ யூனிட்டின் வெளிக்கட்டுப்பாட்டு முனை வழியாகவோ செய்யுங்கள். தீ எச்சரிக்கை அமைப்பின் நிறுத்தும் இணைப்பும் அந்த முனைக்கே வர வேண்டும்.